உப்பளத்துப் பள்ளிக்குப் பணம் போய்ச் சேர்ந்த கதை

2022 நவம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்காக அச்சடித்த 300 அட்டைகளைக் கட்டுப் பிரிக்காமலே சிங்கப்பூரில் எங்கள் சர்ச் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். "தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளின் இலவசக் கிறிஸ்தவக் கல்விக்கு உங்கள் காணிக்கை" என்று அட்டையில் அழகாகப் போட்டிருந்தது. வீடு வீடாகப் போய்ப் பாடி, வாசலில் காணிக்கை வாங்குவதாகத் திட்டம். எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஆடிட் வேலை பார்க்கும் தம்பி ஒருவன்தான் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, வெளிநாட்டுக்குப் பணம் திரட்ட பர்மிட் எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. நான் மிஷன் கமிட்டிச் செயலாளர். 20 வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். நல்ல காரியத்துக்குக் கை நீட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று பூட்டிய அட்டைகளுக்கும் முதல் பணம் அந்தப் பள்ளியின் கணக்கில் ஏறிய நாளுக்கும் நடுவே ஏறத்தாழ 20 மாதம் ஓடிவிட்டது. இதே எண்ணத்தோடு இங்கே இருக்கும் மற்ற சபையாருக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் சிங்கப்பூர்ப் பக்கம். வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே நிதி திரட்ட அறநிறுவன ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும். பொதுமக்களிடம் திரட்டினால், செலவு போக மிஞ்சும் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி. அதாவது வீடு வீடாகப் பாடி 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சேர்த்தால் தூத்துக்குடிக்கு 2,000 வெள்ளிதான் போகும். தனிப்பட்ட நன்கொடையாக, நமக்குத் தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்டால் இந்த விகிதத்தைத் தளர்த்தும்படி விண்ணப்பிக்கலாம். கமிட்டி அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. வெளியாரிடம் கேட்பதில்லை, ஃபேஸ்புக்கில் போடுவதில்லை, சபை உறுப்பினர்களிடம் மட்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இங்குள்ள பொது நல நிறுவனங்களுக்குக் கொடுத்தால் கிடைக்கும் 250 விழுக்காட்டு வரிக்கழிவு இதற்குக் கிடையாது என்பதையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை.

விண்ணப்பப் படிவம் நீளமில்லை. அதில் கேட்ட கேள்விகள்தான் எங்களை நிறுத்தின. யாருக்கு, எவ்வளவு, எந்த வழியாக, அங்கே யார் பொறுப்பு? "பிள்ளைகளுக்கு உதவுகிறோம்" என்பதைத் தாண்டி எங்கள் கையில் ஒரு கணக்குக்கூட இல்லை. அதனால் 2023 பிப்ரவரியில் நானும் இன்னொரு அக்காவும் சொந்தச் செலவில் தூத்துக்குடிக்குப் போனோம்.

அந்தப் பள்ளி ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தும் தொடக்கப் பள்ளி. எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை 46 பிள்ளைகள், மூன்று ஆசிரியைகள், ஓர் ஆயா. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியே இலவசம், சத்துணவும் உண்டு. பிறகு இது எதற்கு என்று என் தம்பி கேட்டான். அங்கே போய் நின்றபோது பதில் கிடைத்தது. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் அளத்துக்காரர்கள் விடியுமுன்பே கிளம்பிவிடுகிறார்கள். அரசுப் பள்ளி நான்கு கிலோமீட்டர் தள்ளி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒன்பது மணிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்விட வீட்டில் ஆள் கிடையாது. மூத்த பெண்பிள்ளை கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிடுகிறது. இந்தப் பள்ளியோ காலை ஐந்தரைக்கே கதவு திறக்கிறது. ஆயா வந்து பாய் விரிப்பார். பிள்ளைகள் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டு, ஏழரைக்கு எழுந்து முகம் கழுவிப் படிக்க உட்காருவார்கள். அந்தப் பாய்தான் அந்தப் பள்ளியின் உயிர்.

முதல் நாள் காலை நாங்கள் போனபோது ஒரு தாய் மகளைக் கொண்டுவந்து விட்டார். கணுக்காலுக்குக் கீழே தோல் வெடித்து வெள்ளை பூத்திருந்தது. ரப்பர் பூட்ஸின் மேல்பக்கத்தை வெட்டிச் செருப்புபோல மாட்டியிருந்தார். கையில் உப்பு வாரும் பலகை. நாங்கள் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறோம், இனி ஃபீஸ் வேண்டாம் என்று ஏற்பாடு செய்யப்போகிறோம் என்றதும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"பாடம் சும்மாதாம்னு சொல்லுதிய. பொறவு எங்ககிட்ட என்ன கேப்பிய, டீச்சர்?"

ஒண்ணும் கேக்கமாட்டோம்மா என்றேன். அவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பலகையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார். அந்தக் கேள்வியை அன்று இரவு எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எங்கள் கமிட்டியில் நடந்த மிக நீண்ட வாக்குவாதம் பணத்தைப் பற்றியதல்ல, அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

பள்ளியில் காலை ஜெபம் உண்டு, வாரம் மூன்று வேதபாட வகுப்பு உண்டு. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் மத போதனைக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பள்ளியில் அதுவரை வாய்வார்த்தையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் எழுத்தில் வேண்டும் என்றேன். சேரும்போதே ஒரு தாள். வேதபாடத்துக்குப் பிள்ளை வரலாம் அல்லது வேண்டாம், இரண்டில் ஒன்று. வேண்டாம் என்றாலும் யூனிபார்ம், புத்தகம், வேன், மதிய உணவு எதுவும் மாறாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். கமிட்டியில் ஒரு மூத்த ஐயா, "அப்போ நாம என்னத்துக்குக் கிறிஸ்தவப் பள்ளி நடத்தணும்?" என்று மனம் நொந்து கேட்டார். அவர் விசுவாசத்தின் ஆழம் எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அவருக்கு நான் நம் ஊர்க் கதையைத்தான் சொன்னேன். 1887இல் சோஃபியா பிளாக்மோர் என்ற மிஷனரி ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு பள்ளி தொடங்கினார். 9 பெண்பிள்ளைகள், தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே அதற்குப் பெயர். இன்றைய மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளி அங்கிருந்து வந்ததுதான். என் பாட்டி அதில் படித்தவர். கடைசிவரை அவர் சர்ச்சுக்குப் போனதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் பெண் அவர்தான், என்னைப் படிக்க அனுப்பச் சொல்லி என் அப்பாவிடம் சண்டை போட்டவரும் அவர்தான். பாட்டியிடம் யாரும் விலை கேட்கவில்லை. ஐயா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாளை எழுதும்மா" என்றார். அந்த வருடம் 46இல் 17 குடும்பம் "வேண்டாம்" என்று குறித்தது. அந்தப் பிள்ளைகள் வேதபாட நேரத்தில் கதைப்புத்தகம் வாசிக்கிறார்கள். அந்தத் தாயும் "வேண்டாம்" என்றுதான் கைநாட்டு வைத்தார்.

கணக்கு இப்படி வந்தது: ஆசிரியைகள் மூவருக்கு மாதம் தலா 15,000 ரூபாய், ஆயாவுக்கு 8,000, வேனுக்குப் பத்து மாதம் 12,000 வீதம், துணிமணி, நோட்டு, செருப்புக்குப் பிள்ளைக்கு 3,000. வருடத்துக்கு ஏறத்தாழ 9 லட்சம் ரூபாய், நம் காசில் சுமார் 14,500 வெள்ளி. ஒரு பிள்ளைக்கு வருடம் 315 வெள்ளி. இந்தக் கணக்கோடு விண்ணப்பித்தோம். ஏப்ரலில் இங்கே அனுமதி கிடைத்தது. நிபந்தனைகளோடுதான், முடிந்தபின் தணிக்கை செய்த கணக்கும் கொடுக்க வேண்டும்.

பணம் இங்கே தயார். அங்கே வாங்க முடியவில்லை.

"எங்க செயலாளர் அக்கவுண்டுக்கே போட்டுடுங்க அக்கா, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்று அறக்கட்டளையிலிருந்து சொன்னார்கள். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நெருக்கடி. ஆனால் இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 இருக்கிறது. உள்துறை அமைச்சகத்தில் பதிவு அல்லது முன் அனுமதி இல்லாமல் எந்த அமைப்பும் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது. பதிவு வேண்டுமென்றால் மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், முந்தைய மூன்று நிதியாண்டில் 15 லட்சம் ரூபாயாவது பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். அதுவரை இவர்கள் செய்திருந்த செலவு அதைத் தொடவில்லை. பதிவுள்ள ஒரு பெரிய அமைப்பு வழியாக அனுப்பலாமா என்று பார்த்தோம். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது. பழைய பழக்கத்தில் யாராவது "அந்த டிரஸ்ட் மூலமா அனுப்பலாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

மிச்சம் இருந்தது முன் அனுமதி மட்டும். குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட பணி; அதற்கு எங்கள் சபையின் உறுதிக் கடிதம் வேண்டும். அதோடு டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு. எல்லா வெளிநாட்டு நன்கொடையும் அந்த ஒரு கிளையில்தான் முதலில் இறங்க வேண்டும். கணக்குத் திறக்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, உள்ளூர் ஸ்டேட் பேங்கிலேயே தாள்களைக் கொடுக்கலாம். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி எங்களைப் பயமுறுத்தியது, எங்கள் செலவில் பெரும்பகுதி சம்பளமாயிற்றே. பள்ளி ஆசிரியர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்று ஆடிட் தம்பி விதியைக் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

ஜூலையில் விண்ணப்பம் போனது. அக்டோபரில் கேள்வியோடு வந்தது. எங்கள் உறுதிக் கடிதத்தில் அறக்கட்டளையின் பெயரில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. பத்திரத்தில் "கல்வி மற்றும்" என்று இருக்கிறது, நான் அதை எழுதவில்லை. என் தவறு. சபைக் குழுவைக் கூட்டி, புதுக் கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்ப மூன்று வாரம். இதைச் செய்பவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: பத்திரத்தின் நகலை மேசைமேல் வைத்துக்கொண்டு, பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள்.

காத்திருந்த மாதங்களில் பள்ளி எப்படி நடந்தது? இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் உழைத்துச் சேமித்த தங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இந்திய வம்சாவளியாக இருந்தாலும் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டால் ஆகும். எங்கள் சபையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு நிரந்தரவாசிகளாக இருக்கும் ஒன்பது குடும்பங்கள் உண்டு. அவரவர் பெயரில், அவரவர் கணக்கிலிருந்து, அறக்கட்டளைக்கு நேரடியாக அனுப்பினார்கள். சிங்கப்பூர்க் குடிமக்களான நாங்கள் அவர்கள் கையில் பணம் கொடுத்து அனுப்பச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் சட்டத்தைச் சுற்றிப் போவதாகும். நாங்கள் சும்மா இருந்தோம், அவர்கள் சுமந்தார்கள். கட்டுமான வேலைத் தளத்தில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் ஒருவர் எட்டு மாதம் ஆயாவின் சம்பளத்தைத் தனியாகத் தாங்கினார்.

இடையில் பள்ளியின் அரசு அங்கீகாரப் புதுப்பிப்பு வந்தது. கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு, நான்கு சான்றிதழும் வேண்டும். வராந்தாவில் வெயிலுக்காக ஒரு கீற்றுச் சாய்ப்பு போட்டிருந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்துபோனதை நம்மில் யார் மறப்போம்? எந்த அதிகாரியும் சொல்லும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே பிரித்துப் போடச் சொன்னேன். தகரம் போட்டார்கள். வெயிலில் தகரம் கொதிக்கிறது என்று ஆசிரியைகள் வருத்தப்பட்டார்கள். அதன் அடியில் தெர்மோகோல் அடிக்க நினைத்தார்கள், அதுவும் தீப்பிடிக்கும் என்று தடுத்துவிட்டேன். கடைசியில் கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். ஓரளவு தாங்குகிறது.

முன் அனுமதி 2024 ஜூனில் வந்தது. ஜூலை இரண்டாம் வாரம் முதல் தவணை டெல்லிக் கணக்கில் ஏறியதாகச் செய்தி வந்தபோது நான் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். கையில் முருங்கைக்காயோடு அங்கேயே நின்று அழுதேன். கடைக்கார அண்ணன் பயந்து ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

இப்போது செலவுக் கணக்கு மாதாமாதம் இங்கே வருகிறது. ஆண்டறிக்கையை அவர்கள் டிசம்பர் 31க்குள் அமைச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். முன் அனுமதி அந்த ஒரு தொகைக்கு மட்டும்தான் என்பதால் அடுத்ததற்கான தாள்களை இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டோம். இந்த முறை பெயரை மூன்று பேர் சரிபார்த்தோம்.

ஐப்பசியில் மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். தாய்மார் வீட்டில்தான் இருப்பார்கள். அப்போது ஐந்தரைக்குக் கதவு திறக்க வேண்டாமே என்று தலைமையாசிரியை அக்காவிடம் கேட்டிருந்தேன். போன மழையில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "நானும் அப்படித்தான் சொன்னேன் அக்கா. ஆறு மணிக்குப் போய்ப் பாத்தா, குடை பிடிச்சுக்கிட்டு பதினோரு பிள்ளைங்க கேட் பக்கத்துல நிக்குது. ஆயா திரும்பவும் அஞ்சரைக்கே வந்துட்டாங்க."