ராக்கெட்டுக்குப் பொட்டு வைத்த கதை

சனிக்கிழமை விடியற்காலை, தென்னாப்பிரிக்காவின் மூயி ரிவர் டோல்கேட்டில் எங்கள் பேக்கி, அதாவது பிக்கப் வண்டி, நின்றது. பின்னால் 1.8 மீட்டர் நீளத்துக்கு ஒரு உருப்படி படுத்திருக்க, அதன்மேல் அத்தையின் பழைய சுங்குடிப் புடவை. காசு வாங்கிய அம்மா எட்டிப் பார்த்தார், முகம் வாடிவிட்டது, மீதிச் சில்லறையை இரண்டு கையாலும் கொடுத்தார். யாரும் வாய் திறக்கவில்லை. விளக்கப் போனால் இன்னும் மோசமாகியிருக்கும்.

ராக்கெட்டை எங்கள் ஊர் வெரூலத்திலேயே விட்டுத் தொலைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கிங் ஷாகா ஏர்போர்ட் கூப்பிடு தூரம். மீதி இடமெல்லாம் கரும்பு. கரும்புக்குள் விழுந்த ராக்கெட்டை அறுவடைக்குத்தான் பார்க்கலாம், அதுவும் கொளுத்தின பிறகு. அதனால்தான் விமானத் துறை அனுமதி வாங்கி, மலைப்பக்கத்துப் பால்பண்ணைக்காரர் ஒருவரின் மேய்ச்சல் நிலத்துக்கு இந்த யாத்திரை.

தம்பிக்குக் கராஜ் கிடைத்ததே ஒரு தவறான புரிதலால். டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில், மெழுகை நைட்ரஸ் ஆக்சைடு விட்டு எரிக்கிற ஃபீனிக்ஸ் ராக்கெட் செய்தார்கள். 2021 மார்ச் 8 அன்று ஓவர்பெர்க் ஏவுதளத்திலிருந்து 17.9 கிலோமீட்டர் ஏறியது. அத்தை காதில் விழுந்தது "ஃபீனிக்ஸ்" மட்டும். அது எங்கள் பக்கத்து ஊரின் பெயரும்கூட. "ஃபீனிக்ஸ்காரங்களே செய்றாங்கன்னா வெரூலத்துல முடியாதா?" கார் அன்றே வெளியே வெயிலுக்குப் போனது.

சாமான் விவரம்: 98 மி.மீ. குழாய், பர்ச் ப்ளைவுட் துடுப்பு மூன்று. துடுப்பைக் குழாயின் மேல்தோலில் ஒட்டினால் போதாது. பிளவு வெட்டி உள்ளே விட்டு, மோட்டார் குழாயோடு சேர்த்து எபாக்சி போட வேண்டும். மோட்டார் 38 மி.மீ., ஐ வகை. அதாவது மொத்த உந்தம் 320க்கு மேல் 640 நியூட்டன்-செகண்டுக்குள். எல்லாம் ஏற்றி 2.2 கிலோ, சராசரித் தள்ளு 200 நியூட்டன். எடையைப்போல் ஐந்து மடங்காவது தள்ள வேண்டும் என்பது கணக்கு, இதில் ஒன்பது மடங்கு. எடைமையம், காற்றின் தள்ளு குவிகிற அழுத்தமையத்துக்கு ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்கணும், இல்லையென்றால் வானத்தில் முறுக்கு சுற்றும். மடித்த பாராசூட் ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் குழந்தைப் பவுடர். அது அத்தை வீட்டு டப்பா. தராசும் அத்தையுடையதுதான், இன்னும் மல்லித்தூள் வாசனை அடிக்கிறது.

இப்போது வயிற்றுப்பகுதிக்கு வருவோம், வில்லங்கம் அங்கேதான். நடுவில் ஆல்டிமீட்டர், அதாவது உயரம் அளக்கும் கருவி, இருக்கும் அறை. காற்றழுத்தம் குறையக் குறைய உயரம் கூடுகிறது என்று அது புரிந்துகொள்ளும். உச்சியில் கொஞ்சம் வெடிமருந்தைப் பற்றவைத்து, சின்னப் பாராசூட்டை, 30 செ.மீ., வெளியே தள்ளும். இறங்கும்போது 150 மீட்டரில் இன்னொரு மருந்தால் பெரியதை, 120 செ.மீ., தள்ளும். வெளிக்காற்று உள்ளே தெரிய வேண்டுமே, அதற்குத் துளை. ஒன்றரை லிட்டர் அறைக்கு 6 மி.மீ.யில் ஒன்று, அல்லது 3.5 மி.மீ.யில் மூன்று. மூன்றுதான் நல்லது. 120 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றிப் போட்டால் பக்கக்காற்று ஒரு துளையை அமுக்கினாலும் சராசரி சரியாக வரும். வெடிமருந்துப் புகை அறைக்குள் கசியாமல் இரண்டு பக்கத் தட்டையும் மக்கு வைத்து அடைத்திருந்தான். ஸ்விட்ச்கூடக் காந்தத்தில் வேலை செய்வது, அதற்கும் ஓட்டை கிடையாது. அந்த மூன்றைவிட்டால் காற்றுக்கு வேறு வழியே இல்லை.

வெள்ளி இரவு தம்பி 31 அயிட்டப் பட்டியலில் "துளைகள் சுத்தம்" என்பதற்கு டிக் போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

அத்தை தூங்கவில்லை. ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் வாங்கி வைத்த குங்குமம், சந்தனக் கட்டை, கொஞ்சம் தண்ணீர். மெரூன் பெயின்டில் சுற்றிவர மூன்று குழி, அச்செடுத்தாற்போல் சம இடைவெளி. பொட்டு வைக்கவே இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்ததில் என்ன தப்பு? நடுவிரலால் நன்றாக அழுத்தி வைத்திருக்கிறாள். காலையில் பொட்டைப் பார்த்த தம்பி கும்பிட்டுத்தான் தூக்கினான். அடியில் என்ன இருக்கிறது என்று தோன்றவில்லை.

ஏவுகிற கம்பியில் நிறுத்திக் காந்தம் காட்டியதும் ஆல்டிமீட்டர் டீ-டீ-டீ என்றது. இரண்டு மருந்தும் இணைப்பில் இருக்கின்றன, கிளம்பத் தயார் என்று அர்த்தம். எல்லோரும் 30 மீட்டருக்கு அந்தப்பக்கம். ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும், அதனால் அத்தையையும் அவள் தெர்மாஸையும் பக்கவாட்டுக்கு மாற்றினோம். ஐந்து, நான்கு, மூன்று... ஏறின அழகு இருக்கிறதே, கழுத்து வலித்தது.

உச்சி. ஒன்றும் நடக்கவில்லை. மூக்கு கீழே கவிழத் தொடங்கியது. தம்பியின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

நல்லவேளை, மோட்டாருக்குள்ளேயே ஒரு தாமதத் திரி உண்டு. உச்சிக்கு இரண்டு நொடி தள்ளி வெடிக்கும்படி அதைத் துளைத்து வைத்திருந்தான். டப். சின்னப் பாராசூட் வந்தது. பெரியது வரவே இல்லை. நொடிக்கு 20 மீட்டருக்குமேல் வேகத்தில் வந்து, பண்ணைக்காரர் குவித்து வைத்திருந்த சாணியில் துடுப்புவரை இறங்கி நின்றது. கீறல்கூட இல்லை.

ஓடிப்போனதும் கையால் தொடக்கூடாது. பெரிய பாராசூட்டின் மருந்து இன்னும் வெடிக்காமல் உள்ளே இருக்கிறது. குழாயின் வாய்க்கு நேரே நிற்காமல், பக்கத்தில் வந்து, முதலில் காந்தத்தைக் காட்டி அணைக்க வேண்டும். இறங்கின பிறகு ஆல்டிமீட்டர், எட்டின உயரத்தைக் கூவ வேண்டும். தம்பி காந்தத்தோடு குனிந்தான், அப்படியே நின்றுவிட்டான்.

டீ-டீ-டீ.

இன்னும் கிளம்பவில்லையாம். தயாராக இருக்கிறதாம். விரல் நகத்தால் பொட்டைச் சுரண்டினான். காய்ந்த சந்தனம் தக்கை மாதிரி முழுசாக வந்தது, உள்பக்கம் துளையின் வடிவம் அப்படியே பதிந்து.

கணினிக் கணக்குப்படி 700 மீட்டர் சுமார். கருவியில் பதிவான பயணம் பூஜ்யம். அத்தை திரும்பும் வழியிலேயே ஃபீனிக்ஸ் பெரியம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்: "பொட்டு வெச்சதாலதான் பசுஞ்சாணியில பாத்து இறங்குச்சு." மறுத்துப் பேசத் தம்பியிடம் டேட்டா இல்லை.

நேற்று கராஜுக்குப் போனேன். மூக்குக் கூம்பின் நுனிக்குக் கீழே, துளையே இல்லாத இடத்தில், மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம் போட்டிருக்கிறான். அத்தை கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுதானா? போன தடவை மூணு வெச்சிருந்தியே."