அமைச்சர் பங்களாவில் விளைந்த கோதுமை

"சோளத்துக்கும் நெலக்கடலைக்கும் பேர்போன சீமையில பொறந்த மனுசன், கோதுமைக்குப் பேர் வாங்கிட்டுப் போயிட்டாரு" என்று எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அடிக்கடி சொல்வார். சி.சுப்பிரமணியத்தைப் பற்றி எங்கள் வீட்டில் நான் கேட்ட முதல் வாசகம் அதுதான். பொள்ளாச்சிப் பக்கத்தில் அவரை முழுப்பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு; சி.எஸ். என்றால் போதும். பசுமைப் புரட்சியின் அமைச்சர் என்பதோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அறிவியலையும் தொழில்துறையையும் ஒரு அரசியல்வாதி எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கை முழுவதுமே பார்க்கத்தக்கது என்று எனக்குத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

1910 ஜனவரி 30-ஆம் நாள் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.எஸ்., சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு சட்டம் முடித்துக் கோவையில் வழக்கறிஞரானவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்து, 1952 முதல் பத்தாண்டுகள் சென்னை மாகாணத்தில் கல்வி, நிதி, சட்டம் ஆகிய துறைகளைப் பார்த்தார். ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைச் சட்டமன்றத்தில் முன்நின்று ஆதரித்தவர் அவர். 1954-இல் கட்சித் தலைமைக்குக் காமராசரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்ற பிறகு, அதே காமராசரின் அமைச்சரவையில் அமர்ந்து அந்தத் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தவரும் அவரே. இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. தோற்றுப்போன தரப்பைக் கட்டிக்கொண்டு அழாமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போகும் குணம் என்றே நான் படித்துக்கொள்கிறேன்.

அதே காலத்துச் செய்தி ஒன்று பலருக்குத் தெரியாது. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் வீட்டிலேயே இளம் மாணவர்களைக் கூட்டி இயற்பியல் கருத்தரங்கு நடத்தி வந்தார். 1961 அக்டோபரில் நேரு சென்னைக்கு வந்தபோது அந்தக் குழுவினர் அவரைச் சந்திக்கச் சி.எஸ். ஏற்பாடு செய்தார். சில மாதங்களிலேயே, 1962 ஜனவரி 3-ஆம் நாள், அந்தக் கருத்தரங்கிலிருந்து உருவான கணித அறிவியல் நிறுவனத்தை வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தொடங்கிவைத்தார். விழா நடந்தது சி.எஸ். இயற்பியல் படித்த அதே மாநிலக் கல்லூரியில். அந்த மாணவர்கள் கரும்பலகையில் எழுதிய சமன்பாடுகள் அமைச்சருக்கு எவ்வளவு புரிந்தன என்பது இங்கே முக்கியமில்லை. யாரை யாரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1962-இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குச் சென்றவருக்கு உருக்கு, கனரகத் தொழில் துறை கிடைத்தது. 1964-இல் சாஸ்திரி பிரதமரானதும் உணவு, வேளாண்மைத் துறையை ஏற்கச் சொன்னார். அரசியல்வாதிகளின் சுடுகாடு என்று பெயரெடுத்திருந்த துறை அது. பெரிய தலைகள் ஒதுங்கிக்கொண்டதால்தான் உருக்கிலிருந்தவரைத் தேடி வந்தது. அமெரிக்கக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் ரேஷன் கடையில் கோதுமை என்றிருந்த நாட்கள் அவை. 1966-இல் மட்டும் நாடு இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன்.

சிக்கலின் முடிச்சு மிக எளிமையானது. நம் பழைய கோதுமை ரகங்கள் உயரமானவை. உரத்தைக் கூட்டிப் போட்டால் கதிர் கனத்துத் தாள் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். ஜப்பானிய நோரின் கோதுமை ரகத்தின் குட்டைத்தன்மையைக் கலந்து அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய ரகங்களோ, உரத்தை எல்லாம் உண்டு நிமிர்ந்து நின்றன. நம் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் இதைப் பரிசோதனை வயல்களில் கண்டிருந்தார்கள். கண்டதை நாடு முழுக்கக் கொண்டுபோக விதை, உரம், விலை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் அந்நியச் செலாவணி எங்கே என்று நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி கேட்டார்; விலையை உயர்த்தினால் பணவீக்கம் வரும் என்றும் அவருக்கு அச்சம். டில்லி அமைச்சரவையின் மிகக் கடுமையான பொருளாதார வாக்குவாதம் ஒன்றை இரண்டு தமிழர்கள் நடத்தியிருக்கிறார்கள் என்று எண்ணினால் சிரிப்பும் வருகிறது. இடதுசாரிகள் அந்நியத் தொழில்நுட்பம் என்று எதிர்த்தார்கள். இவற்றுக்கு நடுவே 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்பைக் கண்டித்து சக மத்திய அமைச்சர் ஓ.வி.அழகேசனுடன் சேர்ந்து பதவி விலகல் கடிதம் கொடுத்து, பிறகு திரும்பப் பெற்றதும் நடந்தது.

சந்தேகப்பட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில் கோப்பில் இல்லை, வாசலில் இருந்தது. டில்லியில் தமக்கு ஒதுக்கப்பட்ட பங்களாவின் புல்வெளியை உழுது மெக்சிகோ கோதுமையை விதைத்தார். ரோஜாச் செடியும் வெட்டிவிட்ட புல்லும் இருக்க வேண்டிய இடத்தில், இடுப்பளவுகூட உயராத பயிர் கனத்த கதிருடன் சாயாமல் நின்றதை, அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. 1965-இல் 250 டன்னாக வந்த விதை, 1966-இல் 18,000 டன்னாக வந்தது. அந்நாளில் ஒரு நாடு ஒரே முறையில் அவ்வளவு விதை வாங்குவது கேள்விப்படாத செயல். தானியம் சிவப்பாக இருந்ததால் சப்பாத்திக்கு ஆகாது என்று வடக்கே முகம் சுளித்தார்கள். கல்யாண் சோனா போன்ற வெளிர்நிற ரகங்களை நம் விஞ்ஞானிகளே தேர்ந்தெடுத்து அந்தக் குறையையும் தீர்த்தார்கள்.

கோதுமையைவிட அவர் செய்த பெரிய காரியம் வேறொன்று என்பது என் கருத்து. அதுவரை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் உச்சியில் நிர்வாக அதிகாரிகள் இருந்தார்கள். ஆராய்ச்சி நிலையங்களோ அமைச்சகத்தின் கீழும், பருத்தி, சணல், புகையிலை என்று பயிருக்கொன்றாக இருந்த குழுக்களின் கீழும் சிதறிக் கிடந்தன. சி.எஸ். அவற்றைக் கழகத்தின் கீழ் ஒன்றாக்கி, 1965-இல் கோதுமை மரபியல் அறிஞர் பி.பி.பால் என்பவரை அதன் முதல் தலைமை இயக்குநராக அமர்த்தினார். அதே ஆண்டு வேளாண் விலை ஆணையம் அமைந்தது. இந்திய உணவுக் கழகமும் தஞ்சாவூரில் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்து வேலையைத் தொடங்கியது. வரி வரியாகப் படித்தால் அலுப்பூட்டும் அரசாணைகள்தாம் இவை. விளைந்த தானியத்துக்கு விலையும் வாங்குவதற்கு ஆளும் இல்லையென்றால், எந்த விவசாயி மறுவருடமும் அந்த விதையைக் கையால் தொடுவான்?

1967 தேர்தலில் அவர் தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டில் தவித்த தமிழ்நாட்டில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு முன்னால் உணவு அமைச்சருடைய கோதுமை எடுபடவில்லை. 1964-65-இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-இல் சுமார் 1.65 கோடி டன்னானது. கிடங்குகள் போதாமல் பஞ்சாபில் பள்ளிக்கூடங்களை மூடி மூட்டைகளை அடுக்கினார்கள். கோதுமைப் புரட்சிக்கு 1968-இல் இந்திரா காந்தி அஞ்சல்தலை வெளியிட்டபோது சி.எஸ். அமைச்சராக இல்லை.

எழுபதுகளில் திரும்ப வந்து திட்டம், அறிவியல் தொழில்நுட்பம், தொழில் வளர்ச்சி ஆகிய துறைகளை ஏற்றார். தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழுவின் தலைவராக, விஞ்ஞானிகளைத் துறைவாரியாகக் கூட்டி 1974 முதல் 1979 வரைக்கான தனித் திட்டம் ஒன்றையும் உருவாக்கினார். கோதுமை அளவுக்கு அது பலிக்கவில்லை. வயலுக்கு விதை போய்ச் சேர்ந்த வேகத்தில், உரிமமும் ஒதுக்கீடும் ஆண்ட தொழிற்கூடங்களுக்குள் ஆய்வகத்தின் சரக்கு போய்ச் சேர வழியில்லை. பிறகு நிதியமைச்சரானார், நெருக்கடிநிலைக் காலம் முழுவதும் அந்த அமைச்சரவையில் அமர்ந்திருந்தார் என்பதை அவருடைய அபிமானிகள் அவசரமாகத் தாண்டிப் போவதை நான் ஏற்பதில்லை.

1998-இல் பாரத ரத்னா கிடைத்தது. 2000 நவம்பரில் மறைந்தார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் நாற்காலியில் அதன் பிறகு பெரும்பாலும் விஞ்ஞானிகளே அமர்ந்து வருகிறார்கள்.