அங்கீகாரம் கிடைத்துவிட்டது, வீலான் மட்டும் மாறவில்லை

ஸ்விட்ச் போர்ட்டில் 802.1எக்ஸ் (இணைபவரைச் சரிபார்த்த பிறகே போர்ட்டைத் திறக்கும் முறை) போடுபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. கடவுச்சொல் சரி, அதைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் 'அக்செஸ்-அக்செப்ட்' என்ற அனுமதிப் பதிலை அனுப்பிவிட்டது, போர்ட்டும் திறந்துவிட்டது. ஆனால் கணினி பழைய வீலானிலேயே (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) உட்கார்ந்திருக்கிறது. போர்ட்டைத் திறப்பது ஒரு வேலை, வீலானை மாற்றுவது வேறு வேலை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பிழை தேடும் நேரம் பாதியாகிவிடும். இங்கே சொல்வது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ், அதன் இயங்குதளமான சிஸ்கோ ஐஓஎஸ் 15, ரேடியஸ் சர்வர் மென்பொருளான ஃப்ரீரேடியஸ் 3 என்ற சேர்க்கைக்கு.

ஒரு எச்சரிக்கையோடு தொடங்க வேண்டும். ஸ்விட்சில் பயனர் சரிபார்ப்பு, அனுமதி வசதிகளை (ஏஏஏ) இயக்கும் 'ஏஏஏ நியூ-மாடல்' என்று அடித்த அந்த நொடியே, எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைபவர்களிடம் ஸ்விட்ச் லோக்கல் பயனர் பெயர் கேட்க ஆரம்பித்துவிடும். அப்படி ஒருவரை முன்கூட்டியே உருவாக்கி வைக்காவிட்டால் கன்சோல் கேபிளைத் தேடி ஓட வேண்டியதுதான். அதனால் முதலில் யூசர்நேம், பிறகு ஏஏஏ.

அடுத்து ரேடியஸ் சர்வரின் ஐபி, போர்ட் 1812, 1813, ஷேர்டு சீக்ரெட் (ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் பொதுவான ரகசியச் சொல்). 'ஐபி ரேடியஸ் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்' போட்டு மேனேஜ்மென்ட் வீலானைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். வேறு முகவரியிலிருந்து கோரிக்கை போனால் ஃப்ரீரேடியஸ் அதை 'அன்நோன் கிளையன்ட்' என்று பதிவுசெய்துவிட்டுப் பதிலே தராது. ஸ்விட்சிலிருந்து பார்ப்பவருக்கு சர்வர் செத்துவிட்டது போலத் தெரியும்.

போர்ட்டில் போட வேண்டியவை கொஞ்சம்தான்: 'ஸ்விட்ச்போர்ட் மோட் அக்செஸ்', 'ஆத்தென்டிகேஷன் போர்ட்-கண்ட்ரோல் ஆட்டோ', 'டாட்1எக்ஸ் பிஏஇ ஆத்தென்டிகேட்டர்', பிரிண்டர் போன்றவற்றுக்கு 'மேப்' (எம்ஏபி, மேக் முகவரியை வைத்துச் சரிபார்ப்பது), கூடவே போர்ட்டைத் தாமதமின்றி இயங்க வைக்கும் போர்ட்ஃபாஸ்ட். குளோபலில் 'டாட்1எக்ஸ் சிஸ்டம்-ஆத்-கண்ட்ரோல்' இல்லையென்றால் இவை எதுவும் வேலை செய்யாது.

இனி வீலான். சர்வர் தன் பதிலில் மூன்று பண்புகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். 64ஆம் எண் டனல்-டைப், மதிப்பு 13, அதாவது வீலான். 65ஆம் எண் டனல்-மீடியம்-டைப், மதிப்பு 6, அதாவது 802. 81ஆம் எண் டனல்-பிரைவேட்-குரூப்-ஐடி, அதில்தான் வீலான் வரும். இந்த மூன்றாவது எழுத்துச்சரம் என்பதால் எண்ணுக்குப் பதில் வீலானின் பெயரையும் கொடுக்கலாம். பெயர் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரு மாடியில் கணக்குப் பிரிவு 20, இன்னொரு மாடியில் 120 என்று இருந்தாலும் சர்வரில் ஒரே வரி போதும்.

கடவுச்சொல் சரிபார்ப்பை மறைகுறியாக்கிய டனலுக்குள் நடத்தும் பீப் (பிஇஏபி) முறையில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. உண்மையான பயனர் பெயர் உள் டனலுக்குள் போகிறது. வீலான் பண்புகள் அந்த உள் பதிலில் சேர்கின்றன. ஸ்விட்சுக்குப் போவதோ வெளிப் பதில். இன்னர்-டனல் கோப்பின் போஸ்ட்-ஆத் பகுதியில், உள் பதிலை வெளியே நகலெடுக்கும் துண்டு 'இஃப் 0' என்று அணைந்தே இருக்கும். அதை 1 ஆக்குங்கள். பிறகு சர்வரை மைனஸ் பெரிய எக்ஸ் போட்டு ஓட்டி, கடைசியாகப் போகும் அக்செஸ்-அக்செப்டை மட்டும் பாருங்கள். டனல் வரிகள் மூன்றும் அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம், குறை சர்வரில்.

இருந்தும் மாறவில்லையா? அநேகமாக 'ஏஏஏ ஆத்தரைசேஷன் நெட்வொர்க் டிஃபால்ட் குரூப் ரேடியஸ்' என்ற வரி விடுபட்டிருக்கும். அது இல்லாத ஸ்விட்ச் ஆளை உள்ளே விடும், சர்வர் சொன்ன வீலானைக் காதில் வாங்காது. அதுவும் இருந்தால், அந்த வீலான் இந்த ஸ்விட்சில் உருவாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வீலானைச் சொன்னால் அங்கீகாரமே தோற்றுப்போய், லாகில் 'எர் வீலான் நாட் ஃபவுண்ட்' என்று வரும். 'ஷோ ஆத்தென்டிகேஷன் செஷன்ஸ்' கட்டளையில் புதிய வீலான் சரியாகத் தெரிந்தும் ஐபி கிடைக்கவில்லையென்றால், அப்லிங்க் டிரங்கின் (பல வீலான்களைச் சுமந்து அடுத்த ஸ்விட்சுக்குப் போகும் இணைப்பு) அலவ்டு பட்டியலில் அந்த எண் விடுபட்டிருக்கும்.

பிரிண்டருக்கு வேறு சிக்கல். அதற்கு 802.1எக்ஸ் பேசத் தெரியாது. ஸ்விட்ச் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகுதான் மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் அட்டைக்குரிய எண்) வைத்துச் சரிபார்க்கும். டிஎக்ஸ்-பீரியட், அதாவது ஒரு கேள்விக்குப் பதில் வரக் காத்திருக்கும் நேரம், 30 விநாடி, முதல் கேள்வியும் இரண்டு மறுகேள்விகளுமாக மொத்தம் 90 விநாடி. அதற்குள் டிஹெச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்டுச் சலித்த கருவி 169.254 என்று தானே ஒரு முகவரி வைத்துக்கொள்ளும். டிஎக்ஸ்-பீரியடை 10 ஆக்கினால் 30 விநாடியில் முடியும். 1, 2 என்று குறைக்காதீர்கள். மெதுவாக எழும் கணினிகளும் மேக் சரிபார்ப்புக்குப் போய்விடும். சர்வரில் மேக் முகவரியை இடைக்குறி இல்லாமல், சிறிய எழுத்தில், 12 எழுத்தாகப் பதியுங்கள். பயனர் பெயரும் அதுவே, கடவுச்சொல்லும் அதுவே.

விண்டோஸ் கணினியில் ஆத்தென்டிகேஷன் டேபே காணோம் என்றால் 'வயர்டு ஆட்டோகான்ஃபிக்' சர்வீஸ் ஓடவில்லை. நடுவில் யாராவது மலிவான 5 போர்ட் ஸ்விட்சைச் செருகியிருந்தாலும் கவனியுங்கள். 802.1எக்ஸ் ஃபிரேம்கள் போகும் மல்டிகாஸ்ட் முகவரியைப் பல ஸ்விட்சுகள் அடுத்த பக்கம் கடத்தாது.

முழு அலுவலகத்தையும் ஒரே நாளில் பூட்டாதீர்கள். போர்ட்டில் 'ஆத்தென்டிகேஷன் ஓபன்' சேர்த்தால் சரிபார்ப்பு நடக்கும், ஆனால் தோற்றாலும் யாரும் துண்டிக்கப்படமாட்டார்கள். இரண்டு வாரம் அப்படியே விட்டு, தோற்றவர்களின் பட்டியலைச் சர்வர் லாகிலிருந்து எடுத்துத் தீர்த்துவிட்டு அந்த வரியை நீக்குங்கள். நீக்கும் முன் 'ஆத்தென்டிகேஷன் ஈவென்ட் சர்வர் டெட் ஆக்‌ஷன் ஆத்தரைஸ் வீலான்' வரியும் இருக்கட்டும். அது இல்லாமல் ரேடியஸ் சர்வர் காலை 9 மணிக்கு விழுந்தால், அப்போதுதான் கணினியைத் திறப்பவர் எவருக்கும் இணைப்பு கிடைக்காது.