நிகழ்ச்சி நிரலை மாற்றி எழுதியபோது

எங்கள் அமைப்பின் செயலாளர் பொறுப்புக்கு நான் வந்தபோது குழுக் கூட்டங்களுக்கு நிகழ்ச்சி நிரல் இல்லாமல் இல்லை. ‘நிதி’, ‘கட்டடம்’, ‘பணியாளர்’ என்று ஒற்றைச் சொற்கள் வரிசையாக இருக்கும். கட்டடம் என்றால் வாடகையா, பழுதுபார்ப்பதா, விற்பதா? உறுப்பினர்கள் ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு வருவார்கள். பேச்சு நீளும், முடிவு மட்டும் வராது.

அதனால் முதலில் நிரலில் உள்ள பொருள்களைக் கேள்விகளாக எழுத ஆரம்பித்தேன். ‘கூரைப் பழுதை இந்த ஆண்டே சரிசெய்வதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதா?’ பக்கத்திலேயே அது முடிவுக்கா, விவாதத்துக்கா, வெறும் தகவலுக்கா என்ற குறிப்பு, கொண்டுவருபவர் பெயர், அதற்கான நேரம். பொருள் தருபவரிடம் “குழு என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?” என்று கேட்டாலே போதும், பாதிப் பேர் “சரி, அதை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன்” என்று விலகிக்கொண்டார்கள்.

வழக்கமான அறிக்கைகளையும் சென்ற கூட்டக் குறிப்பையும் ஒரே தொகுப்பாக்கி, ஒரே வாக்கெடுப்பில் ஏற்கும் முறையையும் கொண்டுவந்தோம். எதையோ மறைக்கிறோம் என்று மூத்த உறுப்பினர் ஒருவருக்குச் சந்தேகம். யார் கேட்டாலும், காரணம் சொல்லாமலேயே, எந்த அறிக்கையையும் தொகுப்பிலிருந்து வெளியே எடுத்து விவாதிக்கலாம் என்றதும் சம்மதித்தார். அப்புறம் கூட்டத்துக்குக் கூட்டம் வங்கிக் கணக்கை வெளியே எடுத்தார். எடுக்கட்டும், அது அவர் உரிமை.

தலைவரைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை. அறிக்கைகள் எல்லாம் முடிந்த பிறகே கனமான விஷயம் என்பது அவர் பழக்கம். அதற்குள் இரண்டு பேர் கிளம்பியிருப்பார்கள், முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையே (கோரம்) ஆட்டம் காணும். கூட்டத்துக்கு முன்பே அவரோடும் பொருளாளரோடும் உட்கார்ந்து, தொகுப்பு முடிந்த கையோடு கடினமான முடிவு என்று வரிசையை மாற்றினோம். ஆவணங்கள் ஒரு வாரம் முன்னதாகப் போய்விடும். நிதி அறிக்கையின் மேல்பக்கத்தில் திட்டமிட்டது, செலவானது, வித்தியாசத்துக்குக் காரணம், அவ்வளவுதான்.

கூட்டத்தில் நேரம் தாண்டினால் தலைவர் உடனே கேட்பார்: நீட்டிக்கலாமா, தள்ளிவைக்கலாமா, துணைக்குழுவிடம் விடலாமா? வாக்கெடுப்புக்கு முன் தீர்மானத்தின் வாசகத்தை நான் உரக்கப் படிப்பேன். பலமுறை அங்கேதான் ஆளுக்கொரு அர்த்தத்தில் தலையாட்டியது வெளிப்படும். கூட்டக் குறிப்பில் யார் என்ன வாதாடினார் என்று எழுதுவதில்லை. முடிவு, பொறுப்பாளர், கெடு மட்டும்தான்.

கடைசிப் பொருளான ‘தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்’ தான் இன்னும் இழுபறி. அதில் பேசலாம், முடிவெடுக்கக் கூடாது என்று விதி வைத்தோம். “அவசரம் என்றால்?” என்று கேட்டார்கள். அப்படியானால் கூட்டம் தொடங்கும்போதே நிரலில் சேர்க்கச் சொல்லி வாக்குக் கேட்கலாம் என்று வழிவிட்டிருக்கிறோம். அப்படிக் கேட்க இதுவரை யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பொருளின்போது முணுமுணுப்பு மட்டும் தொடர்கிறது.