60-க்கு 48, 60-க்கு 41

அப்பாவிடமிருந்து காலை ஆறரைக்கு போன் வந்தால் ஒன்று மழை, இல்லாவிட்டால் மாடு. போன மாதம் வந்தது வெண்டை விதைக்காக.

"கண்ணு, நாஞ் சொன்னா நீ நம்ப மாட்டே. பஞ்சகவ்யாவுல ஊறுனதுல 60-க்கு 48 முளைச்சிருக்குது. பச்சைத் தண்ணியில போட்டது 41தான்."

ஒரே பொட்டலத்து விதையை இரண்டு பங்காக எண்ணிப் பிரித்திருக்கிறார். ஒன்றை 3 சதவீதப் பஞ்சகவ்யாக் கரைசலில் (சாணம், கோமியம், பால், தயிர், நெய் கலந்து புளிக்கவைத்தது) 20 நிமிடம், மற்றதை வெறும் தண்ணீரில் அதே 20 நிமிடம் ஊறவிட்டு, ஈரச் சாக்கில் தனித்தனியாகச் சுருட்டி, ஆறாம் நாள் பிரித்து எண்ணியிருக்கிறார். எனக்குப் பெருமைதான். ஆனால் புள்ளியியல் படித்த வாய் சும்மா இருக்குமா? பேப்பரை எடுத்தேன்.

80 சதவீதத்துக்கும் 68.3 சதவீதத்துக்கும் இடைவெளி 11.7. முதலில், பஞ்சகவ்யா ஒன்றுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்மைக் கருதுகோள் என்பது இதுதான். அப்படியானால் 120 விதையும் ஒரே குவியல். அதில் முளைத்தது 89, அதாவது 74 சதவீதம். அந்தக் குவியலிலிருந்து 60, 60 என்று இரண்டு பங்கு அள்ளினாலும் இரண்டிலும் அச்சாக ஒரே எண்ணிக்கை முளைக்காது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எவ்வளவு முன்னே பின்னே? முளைத்த பங்கு 0.74-ஐயும் முளைக்காத பங்கு 0.26-ஐயும் பெருக்கி, அதை 1/60 + 1/60-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் 0.08, அதாவது 8 சதவீதம். இதுதான் திட்டப்பிழை. அப்பாவின் 11.7-ஐ இந்த 8-ஆல் வகுத்தால் இசட் மதிப்பு 1.46. தற்செயலாகவே இப்படி விழும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ஏற்பது என்பது வழக்கமான கெடுபிடி; அதற்கு இசட் 1.96-ஐத் தாண்ட வேண்டும்.

பி மதிப்பு 0.14. பஞ்சகவ்யா வெறும் தண்ணீர்தான் என்றாலும், இதே சோதனையை நூறு தடவை செய்தால் ஒரு பதினான்கு தடவை இந்த அளவோ இதற்கு மேலோ இடைவெளி, ஏதாவது ஒரு பக்கம், தானாகவே விழும். 'பஞ்சகவ்யா வேலை செய்யாமலிருக்க 14 சதவீத வாய்ப்பு' என்று இதைப் படிக்கிறவர்கள் நிறையப் பேர். அது வேறு கேள்வி, இந்தக் கணக்கில் அதற்குப் பதில் கிடையாது.

"இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கப்பா" என்றேன்.

"ஏழு செடி அதிகமா நிக்குது, அது உன்ர கண்ணுக்குத் தெரியலயா?"

அவரிடம் ஆஸ்பிரின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களை வைத்து நடந்த ஆய்வு. முடிவு 1988-ல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் சாப்பிட்ட 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு. அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்ட 11,034 பேரில் 189. சதவீதமாகப் பார்த்தால் 0.94, 1.71. இடைவெளி ஒரு சதவீதம்கூட இல்லை, ஆனால் இசட் 5! அப்பாவின் 12 சதவீதம் தோற்ற இடத்தில் முக்கால் சதவீதம் ஜெயிக்கிறது, ஆள் கணக்கு அவ்வளவு பெரிது என்பதால். (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக ஆஸ்பிரின் விழுங்க வேண்டாம். இரத்தக்கசிவு ஆபத்து அதில் உண்டு.)

"அப்ப நான் எத்தனை விதை போடோணும்?"

பங்குக்கு 240 போட்டு இதே சதவீதம் வந்தால் இசட் இரண்டு மடங்காகி 2.92 ஆகிவிடும் என்றேன். விதையை நாலு மடங்காக்கினால்தான் இசட் இரட்டிக்கும். அப்பாவுக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். சமையலறையில் அடுப்புத் திட்டுக்குக் கீழே வெதுவெதுப்பாக ஒரு சாக்குச் சுருள் இருந்த தடம், சாணி வாசனையோடு. தண்ணீர்ச் சுருள் எங்கே இருந்தது என்றேன். வெளித் திண்ணையில் என்றார். அங்கே ராத்திரிக் காற்று நேராக அடிக்கும். முளைக்க வைத்தது கரைசலா, அடுப்புச் சூடா? என் இசட்டுக்கு அது தெரியவே தெரியாது. போனில் அவ்வளவு பேசிய நான் இதை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த முறை 480 விதை, சிறு சிறு சுருளாக 24. ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் வைப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அம்மா வந்து பார்த்துவிட்டு, இத்தனை வெண்டைக்காயை யார் சாப்பிடுவது என்று கேட்டார்.