பதினொரு பேர் மலேசியா போனோம்: வேன்காரரும் பத்துமலையும்

ஊருக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. பெட்டிகள் இன்னும் கூடத்திலேயே கிடக்கின்றன. விசா, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வேன்காரர் கதையைச் சொல்லி முடிக்காமல் எனக்கு வேறு எதுவும் எழுத வராது.

முதலில் யார் யார் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா, என் மாமியார், அக்கா, அத்தான், நான், என் கணவர், அப்புறம் நான்கு பிள்ளைகள். பெரியவனுக்கு ஒன்பது வயது, கடைக்குட்டிக்குப் பத்து மாதம்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயில் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 55 ரிங்கிட். ஏழு பேருக்கு 385. ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 20 ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். 200 ரிங்கிட்டுக்கு வேன் பிடித்தோம். தமிழ் பேசும் ஓட்டுநர், பெட்டிகளைத் தானே ஏற்றினார். அம்மாவுக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. மறுநாள் பத்துமலை முருகன் குகைக் கோயிலும் நகரமும் சுற்றிக் காட்ட எட்டு மணி நேரத்துக்கு 400 ரிங்கிட் என்றார். சரி என்றோம். எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பியவர் முதலில் ஒரு சாக்லேட் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்து ஒரு தோல்பொருள் கடை. நாங்கள் இரண்டையும் கேட்கவே இல்லை. சாக்லேட்டைப் பார்த்த பிள்ளைகளை வெளியே இழுத்துவருவதற்குள் 180 ரிங்கிட் போய்விட்டது. பத்துமலை வாசலில் இறங்கும்போது பதினொன்றே கால். கொளுத்தும் வெயில். "முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுங்கள்" என்கிறார்!

பத்துமலையில் 272 படிகள். செங்குத்தான, ஒடுக்கமான படிகள். கைக்குழந்தையும் நான்கு வயதுப் பெண்ணும் இருக்கும்போது முக்கால் மணி நேரத்தில் என்ன செய்ய முடியும்? பாதிப் படியில் ஒரு குரங்கு என் மகள் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவள் அலறிய அலறலில் திரும்பி இறங்கிவிட்டோம். என் மாமியார் ஏறவே இல்லை. முழங்கால் வலிக்காரர், மெதுவாகத்தான் ஏற முடியும், அதற்கு நேரம் இல்லை. 140 அடி முருகன் சிலைக்குக் கீழே நின்று அண்ணாந்து கும்பிட்டுவிட்டு, "பரவாயில்லம்மா, இங்கிருந்தே பார்த்துட்டேன்" என்றார். அந்த நாளில் எனக்கு மனசு விட்டுப்போனது அப்போதுதான்.

மாலை ஐந்து மணிக்குத் தங்குமிட வாசலில் கூடுதலாக 150 ரிங்கிட் கேட்டார். பார்க்கிங்காம், சுங்கமாம், குழந்தைகள் இருக்கையை அழுக்காக்கிவிட்டார்களாம். மழை கொட்டுகிறது, சின்னவன் பசியில் கத்துகிறான். அத்தான் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். மூவாயிரம் ரூபாய்! குழந்தைகளோடு நிற்பவர்களால் வாக்குவாதம் செய்ய முடியாது என்று தெரிந்தே கேட்கிறார்கள். வேன் பேசும்போது நேரம், பார்க்கிங், சுங்கம், கடைகளில் நிறுத்தக் கூடாது என்பது வரை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். தமிழில் பேசுகிறார் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு வேன் பக்கமே போகவில்லை. கிராப் என்ற டாக்சி செயலியில் ஆறு பேர் வண்டி இரண்டு போட்டால் பதினொரு பேரும் அடங்கிவிட்டோம்.

விடுதி அறைகளுக்குப் பதிலாக ஒரே மாடியில் இரண்டு அடுக்ககங்கள் எடுத்தது நாங்கள் செய்த நல்ல காரியம். துவைக்கும் இயந்திரம் இருந்தது, அடுப்பு இருந்தது. சின்னவனுக்கு வேளாவேளைக்குக் குழைந்த சோறு கிடைத்தது. ஆனால் அங்கே பிளக் சதுர முனை, நம் ஊர் கெட்டிலின் பிளக் நுழையாது. அடாப்டர் கொண்டுபோங்கள். நாங்கள் போனபோது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. வருகை அட்டையை மட்டும் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. கைக்குழந்தைக்கும் தனி அட்டை. பதினொன்றையும் நிரப்பி முடிக்க நள்ளிரவானது.

பினாங்கு! அங்கே இரண்டு நாள்தான் ஒதுக்கியிருந்தோம், நான்கு நாளாவது இருந்திருக்க வேண்டும். பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து கடலைத் தாண்ட ஃபெர்ரி. ஜார்ஜ் டவுனில் ஒரு மாமாக் (தமிழ் முஸ்லிம்) உணவகத்தில் ரொட்டி தீசு வந்தது பாருங்கள், காகிதம் போல மெல்லிசாகச் சுட்டு, சர்க்கரையும் பாலும் தடவி, கூம்பாக நிறுத்திய ரொட்டி. உட்கார்ந்திருந்த என் மகளின் தலையைவிட உயரம்! இரண்டு நாளாக எதையும் தொடாதவள் உச்சியிலிருந்து ஒடித்து ஒடித்து முழுசையும் தின்று தீர்த்தாள். நாங்கள் நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டோம். அப்பா மட்டும் மூன்று தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் டீ. பயணத்திலேயே சிறந்த சாப்பாடு இதுதான், சந்தேகமே இல்லை. 1923இலிருந்து ஓடும் பினாங்கு மலை ரயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், நாங்கள் இறங்கி வரும்போது கீழே பெரிய வரிசை.

கோலாலம்பூரில் பிள்ளைகளுக்குப் பிடித்தது இரட்டைக் கோபுரம் இல்லை, அதன் அடியில் இருக்கும் பூங்காவின் ஆழமில்லாத நீச்சல் குளம். இலவசம். ஒரு முழு மாலை அங்கேயே கழிந்தது.

கடைசி நாள் ஷாப்பிங்குக்கு என்று வைத்திருந்தோம். முந்தின இரவு ரயில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், கே.எல். சென்ட்ரலிலிருந்து போகும் கொம்யூட்டர் ரயிலின் கடைசி நிலையமே பத்துமலைதான் என்றார். நிலையத்தை ஒட்டியே கோயில். டிக்கெட் சில ரிங்கிட்தான். 400 கொடுத்துப் போன இடம்!

ஷாப்பிங்கை விட்டுவிட்டு விடியற்காலையிலேயே மாமியாரை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். பிள்ளைகளை அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொண்டார்கள். வெயில் ஏறவில்லை, கூட்டமும் இல்லை. அத்தை பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றார். யாரும் மணி பார்க்கவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேலே குகைக்குள் கூரை திறந்திருக்கும் இடத்திலிருந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை ஓரமாக உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்று கேட்டார். இருந்தோம்.