ஃபௌல்வெதர் முனை: பழைய 101 சாலைக் குறிப்புகள்

டிசம்பர் 28

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கடற்கரையில் டீப்போ பேக்கும் நியூபோர்ட்டுக்கும் நடுவே இருக்கும் சின்னப் பூங்கா. கார் நிறுத்த ஒரு வளைவு, கல்சுவர், நுனியில் 1930களில் காபிக் கடையாகக் கட்டிய கட்டடம். அவ்வளவுதான். ஆனால் நிற்பது கடலுக்கு ஏறக்குறைய 500 அடி மேலே. தெளிந்த நாளில் தொடுவானம் 27 மைல் தள்ளிப் போகும்.

சாம்பல் திமிங்கிலங்கள் மெக்சிகோ நோக்கித் தெற்கே போகும் வாரங்கள் இவை. காலையில் வாருங்கள், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். மதியத்துக்குப் பிறகு கடல் கண்ணைக் கூசும். பைனாகுலரை எடுத்ததும் கண்ணில் வைக்காதீர்கள். வெறுங்கண்ணால் மேய்ந்து, வெள்ளைப் புகைபோல் எழும் மூச்சைப் பிடியுங்கள். உயரம் 12 அடி வரை இருக்கும். அரை நிமிட இடைவெளியில் மூன்று முதல் ஐந்து மூச்சு, பிறகு வால் தூக்கி முங்கல். மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்துச் சற்றுத் தெற்கே தள்ளித் தேடுங்கள். அதே இடத்தையே பார்த்திருப்பவர்கள்தான் தவறவிடுகிறார்கள். 10 மடங்கு பைனாகுலர் காற்றில் ஆடும், 7 அல்லது 8 போதும். முழங்கை சுவரில் இருக்கட்டும்.

மார்ச் 7

1778இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் இந்தக் கரையைக் கண்ட நாள். வானிலை படுத்திய பாட்டில் முனைக்கே 'ஃபௌல்வெதர்', அதாவது 'மோசமான வானிலை' என்று பெயர் வைத்துவிட்டார். தப்பே இல்லை. காரின் முகப்பு காற்றைப் பார்த்தபடி நிறுத்துங்கள். பின்காற்று கதவைப் பிடுங்கிக் கீலை வளைத்துவிடும். குடை வீண். லென்ஸில் படியும் உப்பை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஈரத்துணி.

ஏப்ரல் 12

வடக்கிலிருந்து வாருங்கள். பழைய 101 நெடுஞ்சாலையில் ஒரு பகுதி தெற்கு நோக்கிய ஒருவழி. மிச்ச அகலம் சைக்கிளுக்கும் நடப்பவர்க்கும். வழியில் பாலப் பொறியாளர் காண்டி மெக்கல்லோ வடிவமைத்த 1927ஆம் ஆண்டு கான்கிரீட் வளைவுப் பாலம். மேலே ஓட்டிப்போனால் வளைவு தெரியாது, இறங்கிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். தொடர்மழைக்குப் பின் சரிவு மண் இறங்கும்; தடுப்பு வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள், புதிய 101இலிருந்தும் ஏறலாம்.

ஜூலை 19

மூடுபனி. கலைந்தால் தூரத்தை விட்டு நேர் கீழே பாருங்கள். வடக்கே போகாமல் தங்கிவிட்ட திமிங்கிலங்கள் கெல்ப் பாசி ஓரம் இரை தேடும்.

ஆகஸ்ட் 20

தெற்கே தெரிவது யக்கீனா ஹெட் கலங்கரை விளக்கம், 93 அடி, 1873இல் இதே நாளில் ஏற்றியது. இங்கே கட்ட வேண்டியதை இடம் மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்பது வெறும் கதை. பழைய ஆவணங்களில் அந்த விளக்குக்கும் ஃபௌல்வெதர் என்றே பெயர் இருந்ததால் வந்த குழப்பம். அடையாளம் காண எண்ணுங்கள்: 2 விநாடி ஒளி, 2 இருள், 2 ஒளி, 14 இருள்.